அம்மா பெயர் வெட்டிய டம்ளர்

டெல்லி லக்ஷ்மிபாய் நகரில், எங்கள் அரசுக் குடியிருப்பு வீட்டுக்குள்ளேயே அப்பாவைக் கொன்றுவிட்டார்கள். நான்கு வருடம் ஆகிறது. அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். நான் நொய்டாவில் வேலையிலிருந்தேன்.

சமையலறை மேடையில் இரண்டு டபராக்கள் இருந்தன, டம்ளர் ஒன்றுதான். வந்தவனுக்குக் காபி வேறு கொடுத்திருக்கிறார்! காணாமல் போனது அம்மாவின் டம்ளர். பாத்திரக் கடைக்காரர் அதில் பெயரைத் தலைகீழாக வெட்டிவிட்டார் என்று அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். போலீஸிடம் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

யார் மேல் சந்தேகம் என்றார்கள். எனக்கு எப்போதுமே அவசர வாய். முதல் நாள் ஃபேன் ரிப்பேருக்கு வந்த எலக்ட்ரீஷியனைச் சொன்னேன். பக்கத்து வீட்டு அங்கிளும் தலையாட்டினார். அவரும் தஞ்சாவூர்க்காரர், அப்பாவோடு ஒரே ஆபீஸ். பாடைக்குத் தோள் கொடுத்தவர். எலக்ட்ரீஷியன் பல மாதம் ஜெயிலில் கிடந்து, சாட்சி இல்லாமல் வெளியே வந்தார்.

இரண்டு வருடம் கழித்து, கேஸ் விஷயமாக அலைந்துவிட்டு ஒரு மத்தியானம் அங்கிள் வீட்டுக்குப் போனேன்.

"அச்சா, உட்காரும்மா. ஜல்தியா காபி போடறேன்" என்றார் ஆன்ட்டி.

டம்ளரை எடுத்தேன். விளிம்புக்குக் கீழே விரலில் புள்ளி புள்ளியாக ஏதோ தட்டுப்பட்டது. பார்த்தேன். அம்மாவின் பெயர், தலைகீழாக.

"ஆன்ட்டி, இந்த டம்ளர் ஏது?"

"அங்கிள்தான் ஐ.என்.ஏ. மார்க்கெட்ல வாங்கினாராம். யாரு பேரோ வெட்டியிருக்கு பாரு! பழசைத் தலையில கட்டிட்டான்னு அப்பவே திட்டினேன்."

உள் அறையில் டி.வி. சத்தம் நின்றது. அங்கிள் நிலைப்படியில் வந்து நின்று என் கையையே பார்த்தார்.

"காபி ஆறிடும்மா, குடி" என்றார் மெதுவாக.

ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். "வரேன் ஆன்ட்டி" என்று சிரித்துவிட்டு, தெருவுக்கு வந்துதான் போலீஸுக்குப் போன் செய்தேன்.

அங்கிளைக் கைது செய்து விசாரித்தார்கள். ஆபீஸில் அவர்மேல் அப்பா எழுதிய ஒரு புகார்தான் காரணமாம். கைரேகைக்குப் பயந்து டம்ளரை எடுத்துப்போனவர், அது ஆன்ட்டி கண்ணில் பட்டதும் வாங்கியதாகச் சொல்லிவிட்டாராம்.

எலக்ட்ரீஷியன் வீட்டுக்குப் போய்க் கைகூப்பி நின்றேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

நம் ஊர், நம் பாஷை என்று ஒருவரை நம்பி, முகம் தெரியாத ஒருவரைச் சிறைக்கு அனுப்பினேன். இன்றும் யார் வீட்டில் காபி கொடுத்தாலும், குடிப்பதற்கு முன் என் விரல் அந்த டம்ளரைத் தடவிப் பார்க்கிறது.