இருவாச்சியின் ஓரத்தை வெட்டியவன் இராஜாக்கமங்கலம் போன கதை

கடல் பார்க்க இராஜாக்கமங்கலம் போகிறவர்கள் உண்டு. போன வியாழக்கிழமை நான் போனது உயிர் பிழைக்க.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் திருச்சபை ஆண்டுவிழாக் கண்காட்சி. அதில் வைக்க, கொட்டாரத்தில் இருக்கும் என் அக்கா தன் பழைய இருவாச்சிப் பறவை அச்சுப்படத்தைத் தந்து சட்டம் போடச் சொன்னாள். வீட்டில் கிடந்த சட்டம் சிறியது. படத்தின் வெள்ளை ஓரத்தைச் சுற்றிலும் ஓர் அங்குலம் வெட்டிப் பொருத்தினேன். 'செப்புத்தகட்டு அச்சு' என்று அட்டையும் எழுதினேன். அப்புறம்தான் படித்தேன்: தகடு அழுந்திய தடம் அந்த வெள்ளை ஓரத்தில்தான் இருக்குமாம். அத்தாட்சியையே வெட்டியிருக்கிறேன். அக்கா ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. முறைத்தால் முப்பந்தல் காற்றாலைகள் நின்றுவிடும்.

அவளுடைய வகுப்புத் தோழி, விலங்கியல் படித்து, பழைய பறவைப் படங்களைக் கரைத்துக் குடித்த இராஜாக்கமங்கலம் சரோஜா டீச்சர்தான் ஒரே கதி. காலை 8.10-க்குக் கொட்டாரத்தில் பேருந்து. நாகர்கோவிலில் மாற வேண்டும். இரண்டுக்கும் முப்பத்தைந்து ரூபாய். தூறல் வேறு. படத்தைப் பழைய லுங்கிச் சாரத்தில் சுற்றி, பிறந்த குழந்தைபோல் மடியில் வைத்திருந்தேன். இறங்கியதும் ஆட்டோ, அறுபது ரூபாய்.

"அண்ணாச்சி, கண்ணாடியா? வளைவுல பாத்துப் பிடிங்க."

"நீ பாத்து ஓட்டு மக்கா. என் உயிரே இதுலதான் இருக்கு."

டீச்சரிடம் உண்மையைச் சொன்னேன். "ஓரத்தை லேசா வெட்டிட்டேன்."

"லேசான்னா?"

"சுத்தி ஒரு இஞ்சு."

"ஏலே, பறவையையாவது மிச்சம் வச்சியா?"

பூதக்கண்ணாடியை எடுத்துப் பாடம் நடத்தினார். மர அச்சில் மேடான இடம்தான் மை வாங்கும், கோடு தடிக்கும். செம்பில் பள்ளத்தில் மை நிற்கும், கோடு மெலியும். கல்லச்சில் ஓவியர் கொழுப்பு கலந்த மைக்கட்டியால் கல்லிலேயே வரையலாம். மரத்தில் விளக்குமாறாக இருந்த இறகு, செம்பில் தலைமயிராகி, கல்லில்தான் இறகாகியிருக்கிறது.

"மணல் மணலாத் தெரியுதா? இது கல்லச்சு. கலர் கையால பூசுனது. தகட்டுத் தடமே கிடையாது."

ஆகாயத்தில் பறந்தேன். அரை நிமிடம்தான்.

"அடி ஓரத்துல வரைஞ்சவன் பேரும் அச்சடிச்சவன் பேரும் இருந்திருக்குமே. அது எங்க?"

சட்டத்தைத் திருப்பினேன். கண்ணாடி ஆடாமலிருக்க வெட்டிய துண்டுகளை மடித்துச் சட்டத்துக்குள்ளேயே செருகியிருந்தேன். பிரித்தோம். நான்காக மடிந்த துண்டில் இரண்டு பேரும் இருந்தார்கள்.

"இதை நீயே அக்காட்ட குடு," என்றார் டீச்சர்.

இருவாச்சியோ இறாலோ, பழைய அச்சுப்படம் வைத்திருப்பவர்கள் ஓரத்தைத் தொடாதீர்கள். படத்துக்கேற்ற சட்டம் வாங்குங்கள். மழையில் இரண்டு அட்டைகளுக்கு நடுவே, பாலிதீன் சுற்றிக் கொண்டு போங்கள்.

நடந்ததைச் சொல்லித் துண்டைக் கொடுத்தேன்; அக்கா திட்டவில்லை. என் அட்டையைக் கிழித்துவிட்டு, தன் கையெழுத்தில் புதிதாக எழுதி, மடிந்த துண்டோடு படத்தின் கீழ் வைத்தாள். வரைந்தவர் பெயர், அச்சடித்தவர் பெயர், மூன்றாவது வரியில்: 'வெட்டியவர்: என் தம்பி.' சபையே வரிசையில் நின்று வாசித்தது.