முன்னால் நடக்கிறவர்

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் டெய்லர் அரங்கநாதன் முதலில் தன் செருப்பைக் குளிப்பாட்டுகிறார். தேங்காய் நாரால் அடியும் வாரும் தேய்த்து, சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, அப்புறம்தான் தன் குளியல். பழைய சோற்றில் மோரை ஊற்றித் தூக்கில் எடுத்துக்கொள்கிறார். கச்சிராயபாளையம் கடைவீதியைத் தாண்டி, அணைப் பக்கமாகத் திரும்பி, கல்வராயன் மலையடிக் காட்டுக்குள் போய்விடுகிறார். பொழுது சாயும்போது திரும்புகிறார். கையில் விறகும் இருக்காது, தேனும் இருக்காது.

"எங்க போறீங்க?" என்று கேட்டால் "சும்மா நடந்துட்டு வரேன்" என்பார். எங்கள் ஊரில் சும்மா நடப்பவர் வேறு யாரும் இல்லை. ஒருமுறை வனக்காவலர் ஒருவர், சந்தனக்கட்டை கடத்தும் ஆளாக இருக்கும் என்று மறித்துத் தூக்கைத் திறக்கச் சொல்லியிருக்கிறார். திறந்து காட்டி, "மோர் சோறு. பாதி சாப்புடுறீங்களா?" என்று கேட்டிருக்கிறார் இவர். இருவரும் சாப்பிட்டார்கள் என்று அந்தக் காவலரே என்னிடம் சொன்னார்.

அவர் கடைக்கு எதிரே என் வீடு. அதனால் அவரைப் பற்றி எழுதுவதில் பெரும்பகுதி நான் கண்ணால் கண்டது. ஆள் ஒல்லி. வலது கால் மட்டும் சற்றுத் திரண்டிருக்கும், தையல் மிஷின் மிதித்து. கழுத்தில் டேப்பு தொங்கும். காட்டுக்குப் போகும்போதும் அதைக் கழற்ற மறந்துவிடுவார். மலையிலிருந்து சந்தைக்கு இறங்கும் பெண்கள் வழியில் பார்த்து, "இன்னா டெய்லரே, மரத்துக்கு ரவிக்கை தைக்கப் போறீங்களா?" என்பார்கள். "துணி குடுத்தா தைக்கிறேன்" என்பது பதில்.

உச்சிக்கு ஏறுவதில் அவருக்கு விருப்பமில்லை. "உச்சியில இன்னா கீது? காத்துதான் கீது" என்பார். அருவிக்கும் போவதில்லை, கூட்டம் ஜாஸ்தியாம். அவருக்குப் பிடித்தது ஏற்றம் அதிகமில்லாத ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் மரவள்ளிக் கொல்லை, மறுபக்கம் வேங்கையும் கடுக்காயும் நிற்கும் நிழல், நடுவில் குறுக்கே ஓடும் ஓடை. எதற்காக இந்த நடை என்று ஒருநாள் வற்புறுத்திக் கேட்டேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

"ஆறு நாளு மிதிச்சிக்கினே கீறேன் சார். ஒரு அடி நவுரல. ஏழாம் நாளு மிதிச்சா நவுருது பாருங்க, அந்தச் சொகந்தான்."

அவர் மனைவி சாலம்மாளுக்கு இந்தச் சுகம் புரிவதில்லை. "மரத்தப் பாக்கப் போறாராம். வாசல்ல வேப்ப மரம் ஒண்ணு நிக்குதே, அது இவருக்கு மரமாத் தெரியல" என்று என் காதில் விழும்படி சொல்வார்.

நடையில் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. மலை ஆட்களிடம் கற்றது. பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில், முன்னால் போகிறவர் தான் போகாத வழியின் குறுக்கே ஒரு தழைக்கொத்தை ஒடித்துப் போட்டுவிட்டுப் போவார். பின்னால் வருகிறவர் அதைப் பார்த்து மற்ற வழியில் போக வேண்டும். அரங்கநாதனுக்குப் பின்னால் யாரும் வருவதில்லை. ஆனாலும் போடுவார். "வந்தா?" என்பார்.

1987 செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது. சாலையோரப் புளிய மரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். பஸ் இல்லை, பால் வண்டி இல்லை. மறியலுக்குக் கொடி தைத்துக் கொடுத்தவர்களில் அரங்கநாதனும் ஒருவர். "கேக்கறது நாயந்தான்" என்பார். வெட்டிய மரங்களைப் பற்றிக் கேட்டால் ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்துவிடுவார்.

அவர்களுக்கு ஒரே மகள், அம்சவள்ளி. மலைமேல் பள்ளிக்கூட வாத்தியாருக்குக் கொடுத்திருக்கிறார்கள். அப்போது அவள் நிறைமாதம், தலைப்பிரசவம். தாய்வீட்டுக்கு அழைத்துவர நல்ல நாள் பார்த்து வைத்திருந்தார்கள். அந்த நாள் மறியல் வாரத்தில் விழுந்தது. வண்டி ஏதும் ஏறாது என்றானபோது, வலி எந்நேரமும் வரலாம் என்று மருமகன் ஆள் அனுப்பினார். மகளைக் கீழே கொண்டுவர முடியாது. அப்படியானால் தாய் மேலே போக வேண்டும்.

இனி எழுதுவதில் பாதி அவர் சொன்னது, பாதி சாலம்மாள் சொன்னது. இரண்டும் ஒத்துப்போகும் இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

விடியும் முன் கிளம்பினார்கள். சாலம்மாள் இடுப்பில் ஒரு பை: கிழித்து வைத்த பழம்புடவை, சுக்கு, பூண்டு, கருப்பட்டி. அவருக்குக் காட்டு நடை அதுவே முதல் தடவை. முழங்கால் பிடித்துக்கொண்டது. ஓடையில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று பார்க்க வேண்டும் என்றார் அரங்கநாதன். "நீங்க முன்ன போங்க. தழையப் பாத்துக்கினு நான் வரேன்" என்றார் சாலம்மாள்.

இத்தனை வருடம் போட்ட தழையைப் பார்த்து நடக்க முதன்முதலாக ஒருவர் பின்னால் வருகிறார். அந்தச் சந்தோஷத்தில் வேகமாகப் போய்விட்டேன் என்று அவரே சொன்னார்.

வண்டிப்பாதை பிரியும் இடம் ஒன்று உண்டு. வலது வழி மேலே ஊருக்குப் போகும். இடது வழி மரவள்ளிக் கொல்லைகளோடு முடிந்துவிடும். ஜீப் எதுவும் காட்டு வழியாகத் தப்பிப் போகக்கூடாது என்று, மறியல் பையன்கள் முந்தின நாளே வலது வழியின் வாயில் பெரிய கிளைகளை வெட்டிப் போட்டிருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு போகத் தெரிந்த வழி என்பதால் அரங்கநாதன் அவற்றைத் தாண்டிப் போய்விட்டார். போகுமுன் இடது வழியில் வழக்கம்போல ஒரு தழைக்கொத்தைப் போட்டார்.

சாலம்மாள் வந்து பார்த்தபோது இரண்டு வழியிலும் தழை கிடந்தது.

"இந்தப் பக்கம் துளியூண்டு கெடக்குது, அந்தப் பக்கம் குமிச்சிக் கெடக்குது. நான் இன்னா நெனைப்பேன்? இவ்ளோ பெருசாப் போட்டிருக்காரே, அதான் போவக் கூடாத வழின்னு நெனச்சேன். துளியூண்டு காத்துல வுழுந்ததுன்னு நெனச்சேன்" என்றார்.

ஓடையில் நெடுநேரம் காத்திருந்துவிட்டு அரங்கநாதன் திரும்பி ஓடிவந்தார். மனைவியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. "அம்சா அம்மோவ், அம்சா அம்மோவ்" என்று கொல்லை கொல்லையாகக் கத்தியிருக்கிறார். ஒரு வரப்பின் கடைசியில், பையை மடியில் வைத்துக்கொண்டு சாலம்மாள் உட்கார்ந்திருந்தார்.

மேலே போய்ச் சேர்ந்தபோது உச்சிப்பொழுது கடந்துவிட்டது. பெண் குழந்தை. பிரசவம் பார்த்தவர் சின்னப்பொண்ணு என்ற மலைக்காரம்மா; குழந்தையைத் துடைத்து வைத்திருந்தார். தாயும் பிள்ளையும் நலம். "கொறையொண்ணும் இல்ல. அம்மா வந்துச்சா, அம்மா வந்துச்சான்னு கதவையே பாத்துக்கினு இருந்துச்சி பொண்ணு, அதான்" என்றார்.

அந்த ஒரு சொல்லோடு சாலம்மாள் கணவரிடம் பேசுவதை நிறுத்தினார். பேத்தியோடு கீழே வந்த பிறகும் பேசவில்லை. சோறு வைப்பார், வெந்நீர் வைப்பார், பேச்சு இல்லை. மகளும் பேத்தியும் மலைக்குத் திரும்பிய பிறகும் அப்படியே. அரங்கநாதன் நடைக்குப் போவதை விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் கடையைப் பாதி திறந்து, துணி வைக்காமல் மிஷினை மிதித்துக்கொண்டிருப்பார். அந்தச் சத்தம் எனக்குக் கேட்கும்.

தை பிறந்து ஒரு ஞாயிறு. சாலம்மாள் சோற்றுத் தூக்கோடு என் வாசலில் வந்து நின்றார். "சார், அந்த வழிய நான் இன்னொரு தபா பாக்கணும். அவரு பின்னால வரட்டும், நீங்களும் வாங்க. வழியில ஒரு வார்த்தை சொல்றதுக்காவது ஆள் வேணும்."

போனோம். சாலம்மாள் முன்னால், நான் நடுவில், அரங்கநாதன் பின்னால். வழிநெடுக அவர்கள் பேச்சு என் வழியாகவே நடந்தது.

"சார், அவரு மெதுவா வரட்டும், செருப்புச் சத்தம் தலய வலிக்குது."

"சார், அங்க பள்ளம் கீதுன்னு சொல்லுங்க."

"சார், எனக்குக் கண்ணு கீதுன்னு சொல்லுங்க."

நான் இரண்டு பக்கமும் சொன்னேன். காடு ஈரம் காய்ந்து பழுப்பேறியிருந்தது. பாதையோரம் நாயுருவி முற்றி, உரசியவர் துணியிலெல்லாம் ஒட்டியது.

பாதை பிரியும் இடம் வந்தது. கிளைகள் இல்லை, இரண்டு வழியும் திறந்து கிடந்தன. சாலம்மாள் இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். பிறகு என்னைத் தாண்டித் தன் கணவரைப் பார்த்தார்.

"அன்னிக்கு நீங்க ஒரு தபா நின்னு திரும்பிப் பாத்திருக்கலாங்க" என்றார்.

அரங்கநாதன் கிட்ட வந்தார். நான் நிற்பதையும் பாராமல் மனைவியின் காலடியில் குந்தி உட்கார்ந்து, புடவை ஓரத்தில் ஒட்டியிருந்த நாயுருவி முட்களை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்க ஆரம்பித்தார். சாலம்மாள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. சற்றுப் பொறுத்து, கொசுவத்தை லேசாகத் தூக்கி, மறுபக்கமும் அவர் கைக்கு எட்டும்படி திரும்பி நின்றார்.