திருப்பாத பக்கம்

யட்டியாந்தோட்டையில் ரப்பர் மரங்களில் பால் வெட்டிவிட்டு, சிரட்டை நிறையும்வரை நாங்கள் மரத்தடியில் காத்திருப்போம். அப்போது நான் ஒரு சரித்திர நாவலை உரக்க வாசிப்பேன். தந்தைக்கு விஷம் வைத்தவனைத் தேடிக் குதிரையில் அலையும் இளவரசியின் கதை.

அன்று கடைசி அத்தியாயம். விஷம் வைத்தது அவளுடைய காதலனேதான். அவளோ அவனை மன்னித்து மாலையிடுகிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புத்தகத்தைப் பார்த்து வாசிப்பதுபோலவே முடிவை மாற்றிச் சொல்லி, அவனைச் சிறையில் தள்ளி, அவளை அரியணையில் ஏற்றிவிட்டேன். பெண்கள் எல்லோரும் கைதட்டினார்கள்.

பாலெடுக்க எழுந்தபோது, கூட வேலைசெய்யும் லெட்சுமி அக்கா மெதுவாகக் கேட்டார்.

"ஏன் புள்ள, ரொம்ப நேரமா நீ பக்கத்தத் திருப்பவே இல்லயே?"

நான் சட்டென்று புத்தகத்தை மூடினேன்.

"நாளைக்கும் அப்படியே வாசி. ராணியானதுக்கு அப்புறம் அவ என்ன செஞ்சா?"

நாவல் அன்றே முடிந்துவிட்டது. எங்கள் ராணி இன்னும் ஆண்டுகொண்டிருக்கிறாள்.