பிரேக் பிடி

எங்கள் வீட்டுக்காரர் நல்ல மனுஷர்தான். பைக்கில் ஏறினால் மட்டும் நான் சொல்வது அவர் காதில் ஏறாது. தொண்ணூறுகளின் கடைசியில் வேலூரிலிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வந்து, நீலசந்திராவில் குடியிருந்தோம். அவர் ஆபீஸ் பையன்கள் ஞாயிற்றுக்கிழமையானால் கூட்டமாக பைக்கில் கிளம்பிவிடுவார்கள். எல்லாம் கட்டைப் பிரம்மச்சாரிகள். இவரும் போவேன் என்று நின்றார். தனியாக அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. பின்சீட்டில் நானும் ஏறிக்கொண்டேன்.

கூட்டத்துக்குத் தலைவன் ஒரு மைசூர்ப் பையன். தங்கமான பிள்ளை, என்னை அக்கா என்பான். தமிழ் அரைகுறைதான், ஆனாலும் எங்களிடம் தமிழில்தான் பேசுவான். ஹெல்மெட் இல்லாதவர் வரக்கூடாது, முன்னால் போகிறவர் வளைவில் நின்று பின்னால் வருகிறவரைப் பார்த்த பிறகுதான் நகர வேண்டும் என்பதெல்லாம் அவன் போட்ட சட்டம். எனக்கும் ஒரு ஹெல்மெட் கொண்டுவந்து கொடுத்தான். அண்டாவைத் தலையில் கவிழ்த்த மாதிரி இருந்தது.

ஒரு ஞாயிறு பெங்களூர்ப் பக்கத்து நந்தி மலைக்குப் போனோம். ஏறும்போது ஒரு குறையுமில்லை. இறங்கும்போது பையன்கள் சரசரவென்று முன்னால் போய்விட்டார்கள், இவருக்குப் பொறுக்கவில்லை. மலைப்பாதையில் ஓட்டிப் பழக்கமே கிடையாது, பின்னால் நான் வேறு. நம் வேகத்தில் போகலாம், அவர்கள்தான் நிற்பார்களே என்று சொல்லிப் பார்த்தேன். நமக்காக எல்லாரும் காத்துக் கிடப்பதா, மானம் போகிறது என்றார். மானம் போனால் பிறகு பார்த்துக்கொள்ளலாம், பல் போனால் என்ன செய்வது என்று முதுகில் ஒரு குத்து விட்டேன். கேட்டால்தானே!

அடுத்த வளைவில் ரோடெல்லாம் மணல். மைசூர்ப் பையன் அங்கேயே நின்று, மெதுவாக வரச்சொல்லிக் கையைக் காட்டிக்கொண்டிருந்தான். இவர் முன்பிரேக்கை அழுத்த, சக்கரம் வழுக்க ஆரம்பித்தது.

“பிரேக் பிடி! பிடி!” என்று கத்தினான் அவன்.

இவர் பிடித்தார். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டிப் பிடித்தார். வண்டி அப்படியே சாய்ந்தது. நாங்கள் இருவரும் மணலில் கிடந்தோம்.

பையன் ஓடிவந்து தூக்கினான். “பிடின்னு சொன்னா ஏன் சார் இப்படி இறுக்கறீங்க?”

“நீதானப்பா புடின்னு சொன்ன.”

பிறகுதான் விஷயம் புரிந்தது. கன்னடத்தில் பிடி என்றால் விடுங்கள் என்று அர்த்தம். பதற்றத்தில் பையனுக்குத் தாய்மொழி வந்துவிட்டது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே எழுத்து. வாய்விட்டுச் சொன்னால்தான் பஸ்ஸுக்கும் பல்லுக்கும் இருக்கிற மாதிரி முதல் எழுத்தில் வித்தியாசம், அதுவும் அந்தக் காற்றில் யாருக்குக் கேட்கும்?

கீழே இறங்கியிருந்த பையன்களும் திரும்பி வந்து, விஷயம் தெரிந்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முழங்கை சிராய்த்து எரிந்தது. என் ஹெல்மெட்டின் பக்கவாட்டில் நீளமாக ஒரு கீறல். அதை இவர் விரலால் தடவிப் பார்த்தார், முகம் வெளுத்துப்போயிற்று. வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசிவிட்டார்.

“என்னால இவ்ளோதான்ப்பா முடியும். நீங்க போங்க, நாங்க மெதுவா வர்றோம்.”

கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷர் வாயில் இப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை. அதுவும் அத்தனை பேர் எதிரில். திட்ட நினைத்ததெல்லாம் மறந்துபோயிற்று. அவர் மேல் அப்படி ஒரு பாசம் பொங்கியது எனக்கு.

மைசூர்ப் பையன் எங்கள் வண்டியை நிமிர்த்தி, எல்லாருக்கும் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். மலையடிவாரம் வரை நாங்கள் மாட்டுவண்டி வேகத்தில் இறங்கினோம். பின்னால் அத்தனை பைக்கும் வரிசையாக வந்தன, ஒருத்தர்கூட ஹார்ன் அடிக்கவில்லை.

வண்டியை எப்போதோ விற்றாயிற்று. இப்போது குடியிருக்கும் பொம்மனஹள்ளியில் ரோட்டைக் கடக்கும்போது இவர் கையை நீட்டி, “புடி” என்பார்.

“எந்த பாஷையில?” என்று கேட்பேன்.

என் கையை அவரே பிடித்துக்கொள்வார்.