குறி கலைந்த நெல்

தாமிரபரணி வற்றாத ஆறு என்று ஊர் பெருமை பேசும். உண்மைதான். எங்கள் சேரிப் பானைகளுக்குத்தான் அந்தச் சேதி எட்டவில்லை. ஏரலுக்கு மேற்கே பண்ணையார் வயல்களில் வருஷம் இரண்டு போகம் விளைந்தது. வாய்க்காலைத் தூர் வாருவது நாங்கள், நடுவது நாங்கள், அறுப்பது நாங்கள். நெல் மட்டும் வண்டி வண்டியாகத் தூத்துக்குடிக்குப் போய்க் கப்பலேறியது. பண்ணை வீட்டுக்கு மாடி எழும்பியது. எங்கள் குடிசைக்குப் புது ஓலைகூட வாய்க்கவில்லை.

நான் வாழ்க்கைப்பட்டு வந்தபின் இரண்டாவது பிசானம், மாசி மாசத்துப் பெரிய அறுவடை அது. தூற்றிய நெல்லைக் களத்தில் குவித்ததும், பண்ணைக் கணக்கப்பிள்ளை சாணிக் கரைசலால் குவியலைச் சுற்றிக் குறி போடுவார். பண்ணையார் வந்து அளக்கும்வரை குறி கலையக் கூடாது. கலைந்தால் திருட்டு. எங்கள் கூலியும் அதே குவியலில்தான். அளந்த பிறகே கைக்கு வரும். அதுவரை சேரிக்கு அரைவயிறு. அந்த வருஷம் களத்துக் காவல் என் வீட்டுக்காரருக்கு.

கல்யாண வீட்டுக்குப் போன பண்ணையார் சொன்ன நாளில் திரும்பவில்லை. ஒரு மத்தியானம் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. என் வீட்டுக்காரர் குவியலை மூட வைக்கோலை அள்ளத் தொடங்கினார். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

"வேண்டாம். குறி கலைஞ்சா நம்மளைத்தான் புடிப்பாவ."

"நெல்லு மொளைச்சுப் போச்சுன்னா கூலிய எங்கன போயி வாங்க? பேசாம நீயும் அள்ளிப் போடு."

போட்டோம். வைக்கோலின் கனத்தில் நெல் சரிந்து குறி கலைந்தது. மழை கொட்டித் தீர்த்தது. நெல் நனையவில்லை.

மறுநாள் பண்ணையார் வந்து வைக்கோலை விலக்கச் சொன்னார். நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்தார்.

"மழை அழிச்சிருந்தா நெல்லும்லா நனைஞ்சிருக்கணும்? நெல்லு காய்ஞ்சு கெடக்கு, குறிய மட்டும் காணோம். ஏலே, யாருக்குலே அள்ளிக் குடுத்தே?"

"ஐயா, உங்க நெல்லு நனையக் கூடாதுன்னுதான்…"

சொல்லி முடிக்குமுன் அடி விழுந்தது. என் வீட்டுக்காரரைப் புளியமரத்தில் கட்டிவைத்தார்கள். சேரியில் ஒருத்தருக்கும் கூலி நெல் கிடையாது என்றார் பண்ணையார். மூட்டை தூக்க மாட்டோம் என்று எங்கள் ஆட்கள் மறுத்து நின்றார்கள். சாயங்காலமே தேரிக்காட்டுப் பக்கமிருந்து வேறு ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். மழை தங்காத செம்மணலில் பிறந்தவர்கள், எங்களைவிடப் பசித்தவர்கள். அவர்களை வைய எனக்கு வாய் வரவில்லை.

மாசம் திரும்புமுன் என் வீட்டுக்காரர், ஆள் பிடிக்க வந்த கங்காணி பின்னால் இலங்கைக்கு, கண்டித் தேயிலைத் தோட்டத்துக்குப் போனார். அந்த நெல் போன வழியிலேதான் அவரும் கப்பலேறினார். திரும்பி வரவே இல்லை. பண்ணையார்மேல் இன்றும் எனக்கு ஆத்திரம் ஆறவில்லை.

மறு பிசானத்தில் அதே வயலில் நானும் அறுத்தேன். வயிறு இருக்கிறதே. குவியலுக்குக் குறி போட்டாயிற்று. மறுபடி மலைப்பக்கம் கறுத்தது. வைக்கோல் பக்கத்திலேயே கிடந்தது. யாரும் அசையவில்லை. கொட்டுகிற மழையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

பண்ணையார் குடையோடு ஓடிவந்தார். "மூடுங்கலே! என்னத்தைப் பாத்துக்கிட்டு நிக்கிய?"

பதில் சொன்னது நான்தான்.

"குறி கலைஞ்சிருமே, ஐயா."

எங்கள் கூலியும் அந்தக் குவியலில்தான் நனைந்துகொண்டிருந்தது.