ஹெலெத் அறுத்த குழல்

எங்கள் ஊர்ச் சதுப்பில் வெட்டிய வாய்க்காலில் ஆகஸ்டு கடைசியில் போட்டி நடக்கும். கையை வீசி நீந்தக் கூடாது. முகத்தைக் கறுப்புத் தண்ணீருக்குள் வைத்து, ஸ்நார்க்கல் குழல் வழியாக மூச்சு விட்டு, காலில் மாட்டிய துடுப்பை மட்டும் அடித்து ஒருமுறை போய்த் திரும்ப வேண்டும். இதில் என்ன பெருமை என்று கேட்பவர்கள் வேல்ஸில் பிறக்காதவர்கள்.

என் சிநேகிதி ஹெலெத் பள்ளி பஸ் ஓட்டுகிறவள். அறுபதை நெருங்குகிறாள். போன வருஷம் பாதி வாய்க்காலில் அவளுக்கு மூச்சு முட்டியதும், அக்குளில் கைகொடுத்துக் கரையில் தூக்கிப் போட்டார்கள். அன்றோடு அவளுக்கு வயதாகிவிட்டது என்று ஊரே முடிவு கட்டியது. போட்டியை நடத்துகிற கெத்தின் அவள் கொழுந்தன். அவனுக்கும் எனக்கும் ஆகவே ஆகாது. இந்த வருஷம் இடுப்பில் கட்டுகிற ஒரு பூப்போட்ட ஏப்ரனோடு அவள் வீட்டுக்கு வந்தான்.

"அண்ணி, இந்தத் தடவ டீக் கூடாரத்தப் பாத்துக்குங்க. இந்த வயசுல எதுக்கு வம்பு?"

"மூச்சு நின்னது வயசாலயாடா? நீ வாங்கிக் குடுத்த கொழாயால."

உண்மைதான். அந்தக் குழலின் தலையில் ஒரு மிதவை. அலை ஏறினால் எழும்பித் துளையை அடைக்கும், இறங்கினால் திறக்கும். கடலுக்குச் சரி. எங்கள் சதுப்பில் பாசி நார் சிக்கி, அடைத்தது திறக்கவே இல்லை. கெத்தின் அதைக் காதில் வாங்காமல், ஏப்ரனை ஆணியில் மாட்டிவிட்டுப் போனான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் ஹெலெத் ஆட்டுத் தொட்டியில் சதுப்புத் தண்ணீரை நிரப்பி, வேறு இரண்டு குழல்களைச் சோதித்தாள். ஒன்றில், ஊதினால் தண்ணீர் வெளியேற அடியில் ரப்பர் மூடி இருந்தது. ஒரு மண்துகள் அதில் உட்கார்ந்ததும் ஒழுக ஆரம்பித்தது. இன்னொன்று வளைந்த வெறும் குழாய்.

"இதுல தண்ணி புகுந்தா என்னடி பண்ணுவ?" என்றேன்.

"ஊதுவேன். மூடி இருந்தாத்தானே மாட்டிக்கும்? இதுல கெட்டுப்போறதுக்கு ஒண்ணுமே இல்ல பாரு."

ரம்பத்தை எடுத்து மேல் நுனியில் இரண்டு விரற்கடை அறுத்தாள். குழல் குட்டையானால் ஊதித் தள்ள வேண்டிய தண்ணீரும் குறைவு. தெறிக்கிற தண்ணீர் சுலபமாக உள்ளே வரும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

போட்டியன்று ஒரு பையை என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கினாள். போகிற பாதி ஒழுங்காகப் போனது. கம்பத்தைச் சுற்றித் திரும்பும்போது தண்ணீர் குழலுக்குள் புகுந்தது. முகத்தை எடுக்காமல் அப்படியே நின்றுவிட்டாள். யாராவது தொட்டால் அவளுக்குப் போட்டி முடிந்தது.

வெள்ளைச் சட்டையோடு கெத்தின் ஓரத்தில் குனிந்தான். "தூக்குங்கப்பா அண்ணிய."

"தொட்டீன்னா தெரியும் சேதி," என்றேன் நான்.

அதற்குள் அவள் ஊதினாள். கறுப்புத் தண்ணீர் பீய்ச்சியடித்து கெத்தினின் சட்டை முழுக்க விழுந்தது. அவள் தலையைத் தூக்காமல் காலை அடித்துக்கொண்டு போனாள்.

எல்லோருக்கும் கடைசியாகத்தான் முடித்தாள். ஆனால் முடித்தாள். கரையேறி, மூச்சு வாங்க, பையிலிருந்த பூப்போட்ட ஏப்ரனை எடுத்துக் கெத்தினின் இடுப்பில் தானே கட்டிவிட்டாள்.

"சட்டையெல்லாம் சேறு பாரு. இத அவுக்காம போயி டீ போடு. எனக்கு ரெண்டு ஸ்பூன் சக்கர."