சிங்க வெட்டு

அந்தக் கோடையில் எங்கள் பூனைக்கு முடி வெட்ட வேண்டியதாயிற்று. அண்ணன் வெளிநாட்டு வேலையை விட்டு வந்தபோது சென்னை நண்பரிடமிருந்து வாங்கி வந்த பெர்சியன் பூனை. திருத்துறைப்பூண்டிப் பக்கத்து வெயிலும் புழுதியும் அதற்கு ஒத்துவரவில்லை. வயிற்றில் முடி சடை பிடித்து, தொட்டாலே சீறியது. தஞ்சாவூரில் அதற்கென்று ஒரு கடை இருப்பதை அண்ணன்தான் கண்டுபிடித்தான்.

"நீதான் பாப்பா தூக்கிட்டுப் போவணும். உன்கிட்டதான் அடங்கும்."

நான் பள்ளிக்கூட டீச்சர், விடுமுறைதான். ஆனாலும் ஊரை விட்டு நகர மனமில்லை. எரிவாயுக் குழாய் எங்கள் வயல்கள் வழியாகப் போகப்போகிறது என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்த நேரம். சம்மதக் கடிதத்தில் ஒருவரும் கையெழுத்துப் போடுவதில்லை என்று கூடி முடிவெடுத்திருந்தோம். கிராமசபையில் மைக்கைப் பிடித்துப் பேசியவள் நான். பண்ணையில் கூலி வேலை பார்த்த எங்கள் அப்பா, லாக்கப்பில் அடி வாங்கி, பட்டாவுக்கு அலைந்து பெற்ற நிலம் அது. அவர் போன பிறகு பட்டா அண்ணன் பெயருக்கு மாறியிருந்தது. அன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்து அவனும் கை தூக்கினான்.

"ஒரு நாள்தானே, போயிட்டு வா. நான் பாத்துக்கறேன்" என்றான். கூடையில் பூனையை வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கடையில் இருந்த பெண் படங்களைக் காட்டினாள். பிடரியும் வால் நுனிக் குஞ்சமும் மட்டும் விட்டு மற்றதை ஒட்ட வழித்தால் சிங்க வெட்டு. உடம்பெல்லாம் ஒரே அளவாகக் குறைத்தால் கரடிக்குட்டி வெட்டு. வயிற்றுச் சடையை மட்டும் எடுத்துவிட்டால் போதும் என்று எனக்குத் தோன்றியது. அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அவசரப்படாத. போட்டோ எல்லாம் அனுப்பு, பாத்துச் சொல்றேன்."

அனுப்பினேன். அரை மணி நேரம் பதிலில்லை. பிறகு, பக்கவாட்டுப் படம் அனுப்பு என்றான். அதன் பிறகு, முடி திரும்ப வளருமா என்று கேள் என்றான். அவன் பேசும்போது பின்னால் யாரோ "ஆதார் நகல் எங்க சார்?" என்று கேட்டது எனக்குக் கேட்டது.

"எங்கண்ணே இருக்க?"

"செராக்ஸ் கடையில. நீ சிங்கமே வெட்டச் சொல்லு."

மெஷின் சத்தத்தில் மிரண்ட பூனை என் மணிக்கட்டைக் கீறிவிட்டது. எலிபோல மெலிந்த உடம்பும் பெரிய தலையுமாக அது வெளியே வந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினேன். பக்கத்து வயல்காரர், நான் சித்தப்பா என்று கூப்பிடுகிறவர், நிறுத்தத்தில் நின்றிருந்தார். கூடையை ஒரு பார்வை பார்த்தார்.

"உங்கண்ணன் தாலுகா ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டான். நீ வேணும்னேதான் ஊர்ல இல்லாம போனியாம்மா?"

நான் சொன்ன எதையும் அவர் காதில் வாங்கவில்லை. பூனைக்கு முடி வெட்டப் போனேன் என்பது என் காதுக்கே பொய்யாகத்தான் கேட்டது.

வீட்டில் அண்ணன் டிவி பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதுக்குத்தான் என்னை அனுப்பினியா?"

"உன்னை வச்சிக்கிட்டு எப்படிப் போடறது? ஊரைக் கூட்டிடுவ." டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "பூனைக்கும் வெட்ட வேண்டியிருந்துச்சில்ல" என்றான்.

என்னை ஏமாற்றியதைவிட, என் அக்கறையை வைத்தே ஏமாற்றியதுதான் தாங்கவில்லை.

மூன்றாம் வாரம் மண் வாரும் இயந்திரம் முதலில் இறங்கியது எங்கள் வயலில்தான். மற்றவர்களோடு நானும் வரப்பில் போய் உட்கார்ந்தேன். எனக்கு இருபுறமும் யாரும் நெருங்கி உட்காரவில்லை. போலீஸ் எல்லோரையும் ஏற்றிப்போய் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தது. மத்தியானம் சாம்பார் சாதப் பொட்டலம் வந்தபோது சித்தப்பா ஒன்றை என் பக்கம் தள்ளினார். முகத்தைப் பார்க்கவில்லை. தள்ளினார், அவ்வளவுதான்.

இருட்டுவதற்குள் விட்டுவிட்டார்கள். அண்ணன் மண்டப வாசலில் பைக்கோடு நின்றான். "ஏறு பாப்பா" என்றான். நான் அவனைத் தாண்டி, மற்றவர்கள் போன வழியில், அவர்களுக்குச் சற்றுப் பின்னால் நடந்தேன்.